மூன்றாம் மாடியில் ஒரு மாமியார் வீடு

நாற்பத்தொரு மணி நேரம், இப்போது மாலை நான்கு, சீன நாட்காட்டியில் வருடத்தின் கடைசி நாள், நாளை மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் அவள் அந்த வீட்டு வாசலை மிதிக்கலாம், ஆக நாற்பத்தொன்று, அதில் பதினாறு மணி நேரம் தூங்கிக் கழித்தாலும் மீதி இருபத்தைந்து, தூக்கம் வந்தால்தானே... ஷூயின் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓட்டல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பஸ் நிலையத்தின் தகரக் கூரை, அதற்கப்பால் தானியக் கிடங்கு, அதற்கும் அப்பால் வரிசையாக ஐந்து மாடிக் கட்டடங்கள், அதில் நான்காவது கட்டடம், மூன்றாம் மாடி, வலது ஓரம். அம்மாவின் சமையலறை. நேர்க்கோட்டில் எழுநூறு மீட்டர் இருக்கும். எழுநூறு மீட்டரைக் கடக்க நாற்பத்தொரு மணி நேரம், மணிக்குப் பதினேழு மீட்டர், ஒரு நத்தை மனது வைத்தால் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும், நத்தையை யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண் கடைசி நாள் இரவில் பிறந்த வீட்டு விளக்கைப் பார்த்தால் அந்த வீட்டு ஆண்பிள்ளையின் வாழ்வு தேயும். முதல் நாள் அங்கே சாப்பிட்டாலும் தேயும். இரண்டாம் நாள் வரலாம், புருஷனோடு, கையில் பரிசுப் பெட்டியோடு. புருஷனைவிட்டு வந்தவள் என்றால் இன்னும் மோசம், அவளுடைய நிழலே போதுமாம். எப்படித் தேயும்? எந்த வழியாக? சமையலறையில் இருப்பது பன்னிரண்டு வாட் பல்பு, அதன் வெளிச்சம் அவள் கண்ணில் பட்டால் தம்பிக்கு என்ன ஆகும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கேடு குறையுமா, எழுநூறு மீட்டரில் எவ்வளவு மிச்சமிருக்கும்... சிங்தாவ் நகரத்தின் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் குளோரின் என்று தினமும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் அவள். அவள் கையெழுத்து இல்லாமல் லட்சம் பேர் தண்ணீர் குடிக்க முடியாது. இங்கே அவள் ஒரு நிழல்.

மூலையில் ஆப்பிள் பெட்டி. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது. காலையில் அப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தார், சம்பந்திக்கு என்று, அடிபடாத பழங்களாகத் தேர்ந்தெடுத்ததாம். ஹாய்பெங் ஏன் கூட வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. அம்மா முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள், மாப்பிள்ளை நேரே அவர் ஊருக்குப் போய்விட்டார், இவள் இரண்டு நாள் நம்மோடு இருந்துவிட்டு அங்கே போகிறாள், என்று. ஷூயின் பஸ்ஸில் ஏறினாள். அப்பா கீழே நின்றார். பஸ் கிளம்பும்வரை நின்றார், நடுங்குகிற குளிரில், கையைக்கூட ஆட்டாமல். அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். எட்டு கிலோ ஆப்பிளையும் தன் துணிப்பெட்டியையும் இழுத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து, பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இந்த ஓட்டலில் நுழைந்தாள். முப்பத்திரண்டு வயதுப் பெண் சொந்த ஊரில் திருடி மாதிரி, முகமூடியைக் கண்வரை ஏற்றிவிட்டுக்கொண்டு. எதிரே பள்ளித்தோழி ஒருத்தி ஸ்கூட்டரில் போனாள், ஷூயின் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டாள், பன்றித் தீவன விளம்பரம், முழுக்கப் படித்தாள், புரதம் பதினாறு சதவீதம்.

அவள் நுழைந்தபோது கீழே ஓட்டல்காரி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள், நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள். "ரெண்டு ராத்திரி. நாளன்னிக்குக் காலைல கிளம்பிடுவே. சரியா?" எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கக் கூடாது, வாய் கேட்டுவிட்டது. "வருஷா வருஷம் வராங்களேம்மா. போன வருஷம் ஏழு பேரு. இன்னிக்கு நீ அஞ்சாவது. முந்நூத்தி ரெண்டுல இருக்கறவ நாலு வருஷமா வரா, அவளுக்கெல்லாம் பேச்சே கிடையாது, மூஞ்சியப் பாத்ததும் சாவிய நீட்டிடுவேன். நாளைக்கு மத்தியானம் கீழ வா, நூடுல்ஸ் போடறேன், எல்லாருமாச் சேந்து சீட்டாடலாம்." ஷூயின், நான் வேலை விஷயமா வந்திருக்கேன், என்றாள். "ஆமாமா," என்று ஓட்டல்காரி விதையின் தோலைத் துப்பினாள், "எல்லாரும் வேலையாத்தான் வராங்க. வருஷத்துல இந்த ரெண்டு நாள் நம்ம ஊர்ல அவ்ளோ வேலை." கேலியா? கேலி இல்லை, அதுதான் சகிக்கவில்லை, அது வெறும் தகவல். அப்படியென்றால் இது ஒரு ஏற்பாடு, இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஏற்பாடு, இந்த மாடியில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு பெண் மணியை எண்ணிக்கொண்டிருக்கிறாள், நாளன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும், லிஃப்டில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் இறங்குவார்கள். நாலு வருடமாக வருகிறாளாம். நாலு வருடம்! அவளுக்குக் கோபம் வந்து முடிந்துவிட்டதா, அல்லது வரவே இல்லையா...

ஏன் வந்தாய் என்று கேட்டுக்கொண்டாள். விடுமுறையில் பணிக்கு இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், சோதனைக்கூடத்தில் ஹீட்டர் இருக்கிறது, கான்டீனில் கொழுக்கட்டை போடுவார்கள். வந்ததற்குக் காரணம் ஒரு சொல். டிசம்பரில் அம்மா போனில், "வா," என்றாள். அவ்வளவுதான். டிக்கெட் விற்பனை திறந்த முதல் நிமிடத்தில் வாங்கினாள். ஏழு வருடம் கடைசி நாளை ஹாய்பெங்கின் கிராமத்தில் கழித்தவள், பதினான்கு பேருக்கு மாவு பிசைந்து, மீன் பொரித்து, ஆண்கள் மேஜையில் ஒருவருக்கொருவர் கோப்பையை உயர்த்திக்கொண்டிருக்க அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டவள். அந்த வீட்டு மூதாதையர் பெயர்ச் சுருளுக்கு முன்னால் ஏழு தடவை மண்டியிட்டவள், அதில் இருந்த ஒருவரைக்கூட அவளுக்குத் தெரியாது. அங்கே அவள் வந்தவள். இங்கே போனவள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இந்த ஓட்டல். ஹாய்பெங் கெட்டவன் இல்லை, அடிக்கவில்லை, குடிக்கவில்லை, மூன்று வருடமாக அவளிடம் பேசியதையெல்லாம் ஒரு தாளில் எழுதினால் பின்பக்கம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். ஏப்ரலில் கையெழுத்துப் போட்டார்கள். அம்மாவுக்கு அதை அவள் வாயால் சொல்லவில்லை, செய்தியாகத் தட்டினாள், அந்தச் சொல்லை இதுவரை அவள் வாய் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை, அலுவலகத்தில் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அம்மா உடனே போன் செய்தாள். ஏன் என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "யாருக்குத் தெரியும்?" இதுதான் முதல் கேள்வி. "அப்பாகிட்ட சொல்லாதே. தம்பிகிட்ட சொல்லாதே. அந்த விஷயத்த நான் பாத்துக்கறேன்." பார்த்துக்கொண்டாள். நன்றாகவே பார்த்துக்கொண்டாள், ஜன்னல் உள்ள ஓட்டல் அறையாக.

கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு, பிறகு ஒன்று, ஏதோ கடத்தல்காரர்கள் மாதிரி. அம்மா உள்ளே வந்தாள், முகமூடி, தொப்பி, தோளில் பெரிய துணிப்பை, முதலில் மகளைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள், நேரே போய்த் திரையை இழுத்து மூடினாள். "இந்தப் பக்கம் ரூம் வேணாம்னு அந்தப் பொம்பளகிட்ட சொன்னேனே! ஆறு மணிக்கு வெளக்குப் போட்டுடுவாங்க. பாத்துத் தொலைக்காதே." வந்ததும் இதுவா. "வினிகர் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன், கடையெல்லாம் மூடிட்டான், இப்ப வினிகருக்கு நான் எங்க போவேன்," என்று தனக்குள் புலம்பிக்கொண்டே பையைத் திறந்தாள். எஃகு டப்பாவில் கொழுக்கட்டை, பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும், இன்னும் ஆவி போகவில்லை. பூண்டு ஒரு பல், தனியாக, தாளில் சுற்றி. உட்காரேன்ம்மா என்றாள் ஷூயின். அம்மா உட்காரவில்லை. உட்கார்ந்தால் இந்த அறைக்கு வந்ததாக ஆகிவிடும் போலிருக்கிறது. பையிலிருந்து இன்னும் வந்தன, ஒரு சிவப்பு மேஜைவிரிப்பு, விவசாய உரக் கம்பெனியின் நாட்காட்டி, சுருட்டிய ஒரு சிவப்புத் தாள், ஒட்டும் டேப். இதெல்லாம் எதற்கு?

"ஆறரைக்கு வீடியோ கால் வரும்ல. பின்னாடி வெறும் வெள்ளச் சுவரு தெரிஞ்சா என்ன நெனப்பாங்க? மாமியார் வீடு மாதிரி இருக்க வேணாமா?" அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள், அறுபது வயதில், முட்டி வலியோடு, ஓட்டல் சுவரில் நாட்காட்டியை ஒட்டினாள், அதன் பக்கத்தில் சிவப்புத் தாளைப் பிரித்து ஒட்டினாள், வைர வடிவில், கறுப்பு மையில் 'ஃபூ' என்ற ஒற்றை எழுத்து, நல்வாழ்வு, எல்லா வாசலிலும் இருப்பது. கீழே இறங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். ஷூயினுக்குச் சிரிப்பு வந்தது. "கோழி ஒண்ணையும் பிடிச்சுட்டு வந்திருக்கலாமேம்மா. மாமியாரா ஒருத்தி வாடகைக்குக் கிடைப்பாளா, கீழ கேட்டியா?" அம்மா அடிபட்டவள்போல் திரும்பினாள். "பேசுடி, நல்லாப் பேசு. உனக்காகத்தானே இவ்ளோ அலையறேன்." எனக்காகவா, தம்பி பெண்டாட்டி சின்யாவுக்காகவா? "சின்யாவுக்கு ஏழு மாசம். நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா, அவங்க அம்மா வந்து என் மூஞ்சில துப்புவா, ஒங்க பொண்ணு கடைசி ராத்திரில இங்க இருந்தாளேன்னு. அப்ப நீ வந்து பதில் சொல்லுவியா? நான் அத நம்பறேன்னு நெனக்கிறியா?" நம்பலையா? "நான் நம்புனா என்ன நம்பாட்டி என்ன. நாலு பேரு நம்பறாங்கல்ல." அம்மா முகமூடியை ஏற்றிக்கொண்டாள். ஒரு கணம் கதவருகே நின்றாள். "சூடு போறதுக்குள்ள சாப்டு. மாப்பிள்ளை வெளில வெடி வைக்கப் போயிட்டாருன்னு சொல்லிடு. சிரிச்ச மூஞ்சியா இரு." போய்விட்டாள், லிஃப்டில் அல்ல, படியில், தடதடவென்று.

நம்பவில்லையாம். நம்பியிருந்தால்கூடப் பரவாயில்லை, நம்புகிறவளிடம் சண்டை போடலாம், அல்லது பரிதாபப்படலாம். நம்பாமலேயே மகளை வெளியே வைக்கிறவளை என்ன செய்வது? முந்நூற்று இரண்டில் இருப்பவளின் அம்மாவும் நம்பாதவள்தானோ, இந்த ஊரிலேயே யாரும் நம்பவில்லையோ, ஒவ்வொருவரும் அடுத்தவர் நம்புகிறார் என்று நினைத்துத் தன் பெண்ணை ஓட்டலுக்கு அனுப்புகிறார்களோ... மூளையே சூடாகியது. கொழுக்கட்டை ஒன்றை வாயில் போட்டாள், இருந்த பசிக்கு அது நன்றாக இருந்தது, நன்றாக இருந்ததே ஆத்திரமாக இருந்தது. அம்மா அவளுக்குப் பிடித்த மாதிரி இஞ்சி குறைத்து, மிளகு தூக்கலாகச் செய்திருந்தாள், அதாவது இதற்கென்று தனியாகக் கொஞ்சம் பூரணம் பிசைந்திருக்கிறாள், எல்லோருக்கும் தெரியாமல், ஒரு ஓரமாக. அன்பு என்றால் இதுதானா, டப்பாவில் மூடி, படி வழியாக வந்து படி வழியாகப் போவது. பதினெட்டுக் கொழுக்கட்டை. ஒன்பதைத் தின்றாள். அப்போதுதான் சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த 'ஃபூ' கடையில் வாங்கியது இல்லை. அப்பா எழுதியது. தானியக் கிடங்கில் முப்பது வருடம் மூட்டைகள் மேல் எண்ணும் பெயரும் எழுதிய கை, தூரிகையை எப்போதும் மை காயும்வரை இழுக்கும், கடைசிக் கோட்டில் வெள்ளைக் கீற்று விழும், இடது பக்கப் புள்ளி மட்டும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும், பயந்த குருவி மாதிரி. இன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அவள் பார்த்தாள், தரையில் காயப் போட்டிருந்தார், பத்துப் பதினைந்து, மாடி முழுக்க இருக்கும் வீடுகளுக்கு. அம்மா அவசரத்தில் அதில் ஒன்றை உருவிக்கொண்டு வந்திருக்கிறாள். இதை வைத்துக்கொண்டா மாமியார் வீடு? அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சம்பந்தி வீட்டுச் சுவரில் அப்பாவின் கை எப்படி வந்தது என்று அப்பா கேட்க மாட்டாரா? ஷூயின் எழுந்தாள். நாற்காலியில் ஏறினாள். ஒரு மூலை டேப்பை நகத்தால் நெம்பினாள். அது வந்தது, சுலபமாக வந்தது, ஆனால் அவள் மறுபடி அதை அழுத்தி ஒட்டினாள். ஏன்? டேப் சுவரைக் கெடுத்துவிடும். ஓட்டல்காரி திட்டுவாள். கண்ணாடி போடாமல் அப்பாவுக்குத் தெரியாது. மூன்று காரணம் வரிசையாக வந்தன, மூன்றுமே பொய் என்று சோதனை செய்யாமலேயே தெரிந்தது. இறங்கி உட்கார்ந்தாள். திரைக்குப் பின்னால் எங்கோ பட்டாசுச் சரம் ஒன்று வெடித்து ஓய்ந்தது, கந்தக வாடை ஜன்னல் இடுக்கில் வந்தது. ஆறு இருபத்தைந்து. தலையை வாரிக்கொண்டாள், அதற்காகவும் தன்மேல் கோபம் வந்தது.

போன் அடித்தது, சரியாக ஆறரைக்கு. திரையில் வட்ட மேஜை, நடுவில் தொடாத முழு மீன், தம்பி ஜின்ஷெங்கின் முகம் மிக அருகில், குடித்த சிவப்பில். "அக்கா! புது வருஷ வாழ்த்துக்கா! சாப்டாச்சா? எங்க எங்க மாமா, கூப்புடு, ஒரு கோப்பை சேந்து அடிக்கணும்." வெளில வெடி வைக்கறார் என்றது அவள் வாய், அம்மா சொன்ன சொற்கள், அம்மாவின் குரலில்கூட. சின்யா பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள், வயிற்றின்மேல் ஒரு கை. "அக்கா, உங்க மாமியார் வீடு எவ்ளோ சுத்தமா இருக்கு! ஓட்டல் ரூம் மாதிரி." ஜின்ஷெங் சிரித்தான். "ஒன்ன மாதிரியா, எங்க அக்கா லேப்ல வேல பாக்கறவ, சுவரக்கூடக் கழுவுவா." அம்மா பின்னால் நின்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள், "கொழுக்கட்ட வெந்துடுச்சு, சீக்கிரம் பேசி முடிங்க, அவளுக்கும் அங்க வேல இருக்கும்ல." ஷூயின் சிரித்த மூஞ்சியாக இருந்தாள். இருக்க முடிந்தது, ஏழு வருடப் பழக்கம்.

போன் அப்பாவின் கைக்குப் போனது. திரையில் முதலில் அவருடைய மோவாய், பிறகு மூக்கு, பிறகு அவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய கண்கள் அவள் முகத்தில் இல்லை, அவள் தோளுக்கு மேலே, இடது பக்கம், சுவரில். எவ்வளவு நேரம்? நான்கு நொடி, ஐந்து. அம்மாவின் சிரிப்பு நின்றது அவளுக்குக் கேட்டது. இப்போது கேட்பார். கேட்கட்டும், கத்தட்டும், மேஜையைத் தட்டட்டும், அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான், யாராவது ஒருவர் அவளுக்காகச் சத்தம் போட வேண்டும். அப்பா தொண்டையைச் செருமினார். "பின்னால இருக்கற எழுத்து," என்றார், மெதுவாக, "சம்பந்தி எழுதினதா? நல்ல கை."

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, குளிர்ந்த நீர்போல் முதுகில் இறங்கியது. அவருக்குத் தெரிகிறது. தன் கையைத் தனக்குத் தெரியாதா. தெரிந்துகொண்டே கேள்வியையும் கொடுத்து, பதிலையும் கையில் கொடுக்கிறார், ஆமாம்ப்பா என்ற ஒரே சொல், அதைச் சொன்னால் மீன் அப்படியே இருக்கும், சின்யாவின் கை வயிற்றின்மேல் அப்படியே இருக்கும், நாளன்றைக்கு ஒன்பது மணிக்கு அவள் ஆப்பிள் வாடையோடு வந்து கதவைத் தட்டுவாள், எல்லோரும் வா வா என்பார்கள். எப்போதிலிருந்து தெரியும்? இந்த நிமிடத்திலிருந்தா? அல்லது காலையில், பஸ் கிளம்பும்வரை கையை ஆட்டாமல் நின்றாரே, அப்போதா? அம்மா அவசரத்தில் அந்தத் தாளை உருவினாளா, அல்லது அவரே எடுத்துக் கொடுத்தாரா, இதைக் கொண்டுபோ என்று? அவள் இத்தனை மணி நேரமும் கோபப்பட்டது ஒருத்தியிடம், அது போதவில்லை, பங்கு பிரிக்க வேண்டியிருந்தது, இந்த அமைதியான மனிதருக்கும் ஒரு பங்கு, அம்மாவுக்குக் கொடுத்ததைவிடப் பெரிய பங்கோ என்னவோ. எல்லோரும் அவளுக்கு எவ்வளவு அழகாக வழி செய்து கொடுக்கிறார்கள், ஒவ்வொரு வழியும் வெளியேதான் போகிறது. அம்மா திரையின் ஓரத்தில் தலையை மிக லேசாக ஆட்டினாள், சொல்லு, ஆமான்னு சொல்லு. அம்மாவுக்குத் தெரியும் என்பதைச் சொல்லலாம், அந்தத் தலையாட்டலை இழுத்து நடுமேஜையில் போடலாம். வேண்டாம், அது இல்லை, தன்னுடைய உண்மை மட்டும் போதும்... அது அம்மாவைக் காப்பாற்றுவதா, தனியாக விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்க எழுதினதுதான்ப்பா," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சாதாரணமாக வந்தது, எண்களைப் படித்துக் காட்டும்போது வருகிற குரல். மேஜையில் யாரோ சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார்கள். "நான் இங்கதான் இருக்கேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, ஓட்டல்ல, முந்நூத்தி ஆறாம் நம்பர் ரூம்ல. வெளில யாரும் வெடி வைக்கல. ஹாய்பெங்குக்கும் எனக்கும் ஏப்ரல் மாசமே விவாகரத்து ஆயிடுச்சு."